கொல்லைக் கொட்டகை

கார்த்திகை மழைக்கு முன்னால் கொல்லைக் கொட்டகையை நானே பிரித்து மேய்ந்தேன். சவுக்குக் காலின் அடியில் கரையான். தட்டினால் மாவாய் உதிர்ந்தது. அரையடி வெட்டிவிட்டு, கருங்கல் துண்டின்மேல் நிறுத்தினேன். கீற்றைக் கீழ்வரிசையிலிருந்து மேலே அடுக்கிக்கொண்டு போகவேண்டும். போன வருஷம் மாற்றிப் போட்டு விறகெல்லாம் நனைந்தது.

வேலை முடிந்ததும் 'நான் கட்டினது' என்று ஒரு பெருமை. 'நான் யார்?' என்று கேட்கச் சொன்ன ரமணரின் திருவண்ணாமலையில் இருந்துகொண்டு 'எந்த நான்?' என்று கேட்காமல் தப்பமுடியுமா? மலைமேல் கந்தசாமி என்ற அடியார் சரிவைச் சமன்செய்து தன் கையாலேயே கட்டியது கந்தாசிரமம். பெயர்கூட அவருடையதுதான். 1916 முதல் 1922 வரை அங்கிருந்த ரமணர், தாயார் மறைந்தபின் அடிவாரத்துக்கு இறங்கிவிட்டார். தாயாரின் சமாதிமேல் போட்ட கீற்றுக் கொட்டகையிலிருந்துதான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.

'என்னுடையது' என்ற பற்று, கட்டின கையில் இல்லை என்றே எனக்குப் படுகிறது. கூலிக்கு ஆள் வைத்தாலும் 'என் கொட்டகை'தானே?

மறுநாள் விடியலில் பக்கத்து வீட்டு ஆடு உள்ளே படுத்திருந்தது. விரட்டக் கை ஓங்கினேன். வெளியே தூறல்.