ஈகையும் கணக்கும்

ஈகை என்பது இருவருக்கிடையே நிகழும் செயல் என்றே பொதுவாகக் கருதப்பட்டு வந்துள்ளது. கொடுப்பவன் ஒருவன், பெறுபவன் ஒருவன். பசித்தவன் உண்பதைக் கொடுத்தவன் தன் கண்ணாற் கண்டான். அங்கே கணக்கு என்னும் பேச்சுக்கு இடமிருக்கவில்லை. ஆனால் இன்று கொழும்பிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பணம் அனுப்பும் ஒருவர், அதனைப் பெறுபவரின் முகத்தைப் பெரும்பாலும் காண்பதில்லை. இருவருக்கும் நடுவே மூன்றாந் தரப்பாகத் தருமஸ்தாபனம் நிற்கின்றது. பணத்தைத் திரட்டுவதும் அதுவே, வைத்திருப்பதும் அதுவே, எதற்குச் செலவிடுவது எனத் தீர்மானிப்பதும் அதுவே. இந்நிலையில், கொடுத்த பணம் எவ்வாறு செலவாயிற்று என்பதை அறியும் உரிமை யாருக்கு உண்டு, எக்காரணம் பற்றி உண்டு என்னும் அறவியல் வினா தவிர்க்க முடியாததாகின்றது.

மூன்றாந் தரப்பு என்பது முற்றிலும் புதியதன்று. கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட யூதரின் சட்டத்தொகுப்பாகிய மிஷ்னா, தரும நிதியை இருவர் சேர்ந்தே திரட்டுதல் வேண்டும் என்றும் மூவர் சேர்ந்தே பங்கிடுதல் வேண்டும் என்றும் விதித்தது. நேர்மையுடையோர் மீதும் ஐயம் எழாதவாறு காக்கும் ஏற்பாடாக இதனைக் கொள்ளலாம். சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்கள் இதனினும் விரிவான சான்று தருகின்றன. நந்தாவிளக்கு ஒன்று எரிப்பதற்கு 96 ஆடுகள் வழங்குதல் அக்கால வழக்கம். அவற்றைப் பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். அவ்வாடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. சாவனவற்றின் இடத்தைப் பிறப்பன நிரப்ப, மந்தையின் தொகை குன்றாதிருத்தல் வேண்டும் என்பது கருத்து. கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு, கடமை யாருடையது என்பன யாவும் கல்லிற் பொறிக்கப்பட்டன. இக்கணக்கு கொடையாளியின் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அது கோயிற் சுவரில் இருந்தது. கொடையாளி இறந்து பல தலைமுறைகள் கழிந்த பின்னரும், விளக்கு அணைந்திருக்கக் கண்டு அக்கல்லைப் படிக்கவல்ல எவரும் காரணம் கேட்க அது வழிவைத்தது.

எனினும், கொடுத்தபின் கணக்குக் கேட்பது ஈகையின் இயல்புக்கு முரணானது என்று வாதிடுவோர் உளர். அவர்கள் கூற்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கைம்மாறு கருதாது கொடுப்பதே ஈகையாயின், கொடுத்த பொருளைப் பின்தொடர்ந்து சென்று விசாரிப்பது அதனை வாணிபமாக்கிவிடும் என்பர். பொருளைக் கொடுத்தவன் அதன் மீதுள்ள உடைமையையும் கைவிட்டவனாதல் வேண்டும். கைவிட்ட பொருளுக்கு அவன் கணக்குக் கேட்பானாயின், உண்மையில் அவன் எதனையும் கைவிடவில்லை. இவ்வாதம் ஓர் உண்மையைச் சரியாகவே சுட்டுகின்றது. “என் பணம் எங்கே?” என்று கேட்பவரின் குரலில் பல வேளைகளில் உடைமையாளரின் செருக்கே ஒலிக்கின்றது. ஆனால் இவ்வாதத்திலிருந்து, கணக்கே வேண்டியதில்லை என்னும் முடிபு பெறப்படாது. அது கொடுத்தவரின் பணமன்று என்பது மட்டுமே பெறப்படும். அவ்வாறாயின் அது யாருடைய பணம் என்பதே அடுத்து எழும் வினாவாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் பெரும் தரும அமைப்புகளுள் ஒன்றான யுனைற்றெட் வேயின் தலைவராக இரு தசாப்தங்களுக்கு மேல் விளங்கிய வில்லியம் அரமோனி, 1992 இல் பதவி விலக நேர்ந்தது. அமைப்பின் நிதியை மோசடி செய்த குற்றத்துக்காக 1995 இல் அவருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய நிகழ்ச்சிகளின்போது நன்கொடையாளர் ஏமாற்றப்பட்டனர் என்றே பொதுவாகப் பேசப்படுகின்றது. ஆயின் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, நன்கொடையாளர் இழந்த பணம் அவர்கள் கொடுத்துவிடுவதென்று முன்னரே துணிந்த பணமே என்பது புலனாகும். மெய்யாகவே இழந்தவர் வேறொருவர். தமக்கு வரவிருந்த ஒன்று வராது போனதைக்கூட அறியாதவர். கொடுத்தவரின் இழப்பு அவருக்குத் தெரியும். பெறவேண்டியவரின் இழப்பு அவருக்கே தெரியாது. தரும மோசடியின் தனிக் கொடுமை இதுவே எனலாம்.

கணக்கு வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டபின், எத்தகைய கணக்கு என்னும் வினா எழுகின்றது. நூறு ரூபாவில் நிருவாகத்துக்குச் சென்றது எவ்வளவு, ஏழைக்குச் சென்றது எவ்வளவு என்று கேட்பதே பெருவழக்கு. எளிமை பற்றியே இக்கேள்வி செல்வாக்குப் பெற்றது. ஆனால் பணம் தானே நடந்து சென்று ஏழையின் கையிற் சேர்வதில்லை. இஸ்லாத்தில் ஸகாத் நிதியைப் பெறத்தக்கோர் எண்வகையினர் எனத் திருக்குர்ஆன் வகுக்குமிடத்து, அதனைத் திரட்டி நிருவகிப்போரையும் ஒரு வகையினராகச் சேர்த்துள்ளது. தருமத்தைக் கொண்டு சேர்ப்பதும் உழைப்பே, அதற்கும் ஊதியம் உண்டு என்னும் தெளிவு இதிற் காணப்படுகின்றது. தருமஸ்தாபனங்களை மதிப்பிடும் பணியில் ஈடுபட்டிருந்த மூன்று அமெரிக்க அமைப்புகள், நிருவாகச் செலவின் வீதத்தை மாத்திரம் கொண்டு ஒரு ஸ்தாபனத்தின் தகுதியைத் தீர்மானிக்க வேண்டாம் என 2013 இல் நன்கொடையாளருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. கணக்காளர் ஒருவரை நியமிப்பதும், தேவையை நேரிற் சென்று ஆராய்வதும் நிருவாகச் செலவுகளே. அவற்றைக் குறைத்துக் காட்டுவதற்காக அவற்றைக் கைவிடும் ஸ்தாபனம், தாளில் தூய்மையுடையதாகவும் செயலில் குருடாகவும் அமைதல் கூடும்.

கணக்குப் பிழையின்றி இருந்தும் தருமம் பிழைபடலாம் என்பதற்கு இலங்கைக் கரையோரமே சான்று. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையால் இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதிக்கப்பட்ட நாடுகள் அனைத்துக்குமாக உலகம் முழுவதிலும் இருந்து திரண்ட உதவி 1,300 கோடி டொலரையும் விஞ்சியது. மீனவர் வள்ளம் இழந்தனர் என்ற செய்தி கொடையாளரின் உள்ளத்தைத் தொட்டது. வள்ளம் கண்ணுக்குத் தெரிவது, எண்ணத்தக்கது, பெயர் பொறிக்கத்தக்கது. ஆகவே சில இடங்களில் சிறு வள்ளங்கள் தேவைக்கு மேலாக வந்து குவிந்தன. அவற்றுட் சில கடலுக்கு ஏற்றனவாகவும் இருக்கவில்லை. இத்தனை வள்ளங்கள், இத்தனை பணம் என்று ஒரு ஸ்தாபனம் எழுதிய கணக்கில் ஒரு சதமேனும் பிழை இல்லாதிருக்கலாம். ஆனால் அக்கரையில் எத்தகைய வள்ளம் ஓடும், யாருக்கு அது இல்லை என்பதை அறிந்தவர் அங்கு வாழ்ந்தவரே. உதவி நிறுவனங்களே கூட்டாக மேற்கொண்டு 2006 இல் வெளியிட்ட மதிப்பீடும், உதவி வழங்குவதையே முதன்மையாகக் கொள்ளாது, பாதிக்கப்பட்ட சமூகங்கள் தாமே வகுக்கும் தேவைகளுக்குத் துணைநிற்பதை நோக்கி அடிப்படை மாற்றம் வேண்டும் என வற்புறுத்தியது.

இவ்விடத்து ஒரு சிக்கல் தோன்றுகின்றது. பெறுபவரின் தேவையே முதன்மையானதாயின், கொடுத்தவர் கருதிய நோக்கத்தை ஸ்தாபனம் விரும்பியவாறு மாற்றலாமா? இரு நிகழ்ச்சிகளை ஒப்புநோக்கின் விடை தெளிவாகும். 2001 செப்டெம்பர் 11ஆந் திகதித் தாக்குதல்களின் பின்னர் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 50 கோடி டொலருக்கு மேல் திரட்டியது. அதில் ஒரு பகுதியை எதிர்காலத் தேவைகளுக்கென ஒதுக்கிவைக்க அது எண்ணியமை வெளியானபோது கடுங் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டு நவெம்பரில், நிதி முழுவதும் அத்தாக்குதல்களாற் பாதிக்கப்பட்டோருக்கே செலவிடப்படும் எனச் சங்கம் அறிவிக்க நேர்ந்தது. மாறாக, ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்னும் அமைப்பு, 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே, ஆழிப்பேரலை நிவாரணத்துக்குத் தான் செய்யக்கூடிய பணிகளுக்குப் போதிய பணம் சேர்ந்துவிட்டது என வெளிப்படையாகக் கூறியது. மேலதிகப் பணத்தை ஏனைய நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த இசைவு தருமாறு கொடுத்தோரிடம் அது வேண்டியது. மிகப் பெரும்பாலோர் இசைந்தனர். இரு ஸ்தாபனங்களும் கருதியது ஏறத்தாழ ஒன்றே; பணத்தை வேறொரு நல்ல தேவைக்குத் திருப்புதல். ஒன்று முதலில் உண்மையைச் சொல்லி இசைவு கேட்டது, மற்றொன்று கேட்கவில்லை. கொடுத்தவருக்கு உரியது பணத்தின் மீதான ஆட்சியன்று. தம்மிடம் சொல்லப்பட்டது மெய்யாயிருத்தல் வேண்டும் என்னும் உரிமையே அவருக்கு உரியது.

ஆகவே இரு கடப்பாடுகள் இங்கு வேறுபடுத்தி உணரப்படல் வேண்டும். கொடுத்தவருக்கு ஸ்தாபனம் கடமைப்பட்டிருப்பது வாய்மை. பெறுபவருக்கு அது கடமைப்பட்டிருப்பது பணமே. கொடுத்த கணத்திலேயே அப்பணம் அறத்தின் நோக்கில் பெறுபவருடையதாகிவிடுகின்றது. ஸ்தாபனம் அதனை அவர் பொருட்டு வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் மாத்திரமே. கணக்கின் முதல் வாசகர் பெறுபவரே என்பது இதனாற் பெறப்படும். நடைமுறையோ தலைகீழாயுள்ளது. அழகிய அறிக்கைகள் கொடுப்போரின் மொழியில் அச்சாகி அவர்களின் நகரங்களைச் சென்றடைகின்றன. அவற்றில் பெறுபவர் ஒரு புகைப்படமாகவே இடம்பெறுகின்றார். கையில் அரிசிப் பொதியுடன் நிற்கும் பெண்ணின் படம் செலவுக்குப் பற்றுச்சீட்டாகின்றது. கொடுத்தவரின் ஐயத்தைத் தீர்ப்பதற்காகப் பெறுபவரின் மானம் விலையாகச் செலுத்தப்படுகின்றது. அறிதலுக்கான வேட்கை அறத்தையே மீறும் இடம் இதுவாகும்.

மெய்யியலாளர் ஒனோறா ஓநீல், பி.பி.சி.யில் 2002 இல் ஆற்றிய றீத் சொற்பொழிவுகளில், தகவல்கள் மலிந்து கணக்காய்வுகள் பெருகுவதனால் மட்டும் நம்பிக்கை வளர்வதில்லை என வாதித்தார். தகவலை ஆராய்ந்து, எதிர்க்கேள்வி கேட்டு, நம்பத்தக்கவரை இனங்காண மக்களுக்கு இயலுதல் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். இதனைத் தருமத்துக்குப் பொருத்திப் பார்ப்பின், எதிர்க்கேள்வி கேட்கும் ஆற்றல் மிக்கவர் தொலைவிலுள்ள நன்கொடையாளர் அல்லர் என்பது விளங்கும். கட்டிய கிணற்றில் நீர் ஊறுகின்றதா என்பதை அறிய ஊரவருக்கு அறிக்கை வேண்டியதில்லை. கிணற்றுக்கு எவ்வளவு பணம் வந்தது என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியவேண்டும். எஞ்சியவற்றை அவர்களே கேட்டுக்கொள்வர். ராஜஸ்தானில் 1994 முதல் நடைபெற்ற மக்கள் விசாரணைக் கூட்டங்களில் நிகழ்ந்தது இதுவே. அங்கு கேள்விக்குள்ளானது அரசாங்கப் பணம்; எனினும் முறை ஒன்றே. வேலைப்பதிவேடுகள் ஊர் நடுவே உரத்து வாசிக்கப்பட்டன. தாம் வேலை செய்யாத நாட்களுக்குத் தம் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை மக்கள் தாமே கண்டுபிடித்தனர்.

அரசு மேற்பார்வை இதற்கு மாற்றாகாதா எனக் கேட்கலாம். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ சமூகசேவை அமைப்புகளைப் பதிவு செய்யவும் மேற்பார்வை செய்யவும் வகைசெய்தது. மோசடியைத் தடுக்க அத்தகைய அதிகாரம் பயன்படலாம். வேண்டாத குரல்களை அடக்கவும் அதே அதிகாரம் பயன்படலாம். மேலிருந்து அறிவது கண்காணிப்பு. கீழிருந்து அறிவதே பொறுப்புக்கூறல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசுகளிடமிருந்தோ சர்வதேச அமைப்புகளிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அரச சார்பற்ற நிறுவனங்களையும், அச்சேவை தொடர்பாகத் தகவல் வழங்கக் கடமைப்பட்டனவாக அது ஆக்கியது. கேட்பவர் பணம் கொடுத்தவராயிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை அதில் இல்லை. பிரசையாயிருத்தலே போதும். வீடு வாக்களிக்கப்பட்டு வீடு கிடைக்காத ஒருவர், பிச்சை கேட்பவராக அன்றி, தமக்குரிய கணக்கைக் கேட்பவராக அங்கு நிற்கின்றார்.

பல்கலைக்கழக மாணவர் வெள்ளத்தின்போதும் வரட்சியின்போதும் உண்டியல் ஏந்தி நிதி திரட்டுவது இந்நாட்டில் வழக்கமாகிவிட்ட செயல். பற்றுச்சீட்டுகளைப் பேணுவதும் வரவுசெலவை அறிவித்தற் பலகையில் ஒட்டுவதும் இன்றியமையாதன. ஆனால் அப்பலகை வளாகத்தில் மட்டும் இருப்பின் கடமை பாதியே நிறைவேறியதாகும். எவ்வூருக்கென அப்பணம் திரட்டப்பட்டதோ அவ்வூரின் பாடசாலைச் சுவரிலும் அதே கணக்கு, அவ்வூரார் வாசிக்கும் மொழியில், ஒட்டப்படல் வேண்டும்.