அலகும் அரசாணையும்

அச்சுறுத்தலின் முன் நிலைகுலையாது நிற்கும் உறுதி, எவரும் பாராத நாட்களில், எவரும் மதியாத சிறு பணிகளில் ஊறி முற்றிய பின்னரே வெளிப்படும் என்பதை அப்பர் எனப்படும் திருநாவுக்கரசரின் வரலாறு காட்டுகிறது. நாவரசர் பல்லவ மன்னனின் ஆணையை மறுத்த இடத்தைக் கேட்டுக் கண்ணீர் மல்கும் அடியவர் கூட்டம், அம்மறுப்புக்கு வேராய் நின்ற திலகவதியாரை 'அப்பரின் தமக்கையார்' என்ற ஒரே தொடரோடு கடந்து போய்விடுவது பெருங்குறையாகும்.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் அருளிய பெரிய புராணத்தின்படி, திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாய்த் தோன்றிய அம்மையார், மன்னனின் படைத்தலைவரான கலிப்பகையாருக்கு மணம் பேசப்பெற்றவர். கலிப்பகையார் வடபுலத்துப் போரின் மேல் சென்றிருந்த காலத்தில் தந்தையார் நோயுற்று மறைய, தாயாரும் உடன் உயிர்நீத்தார். அத்துயர் ஆறுமுன்னே கலிப்பகையார் களத்தில் வீழ்ந்த செய்தியும் வந்து சேர்ந்தது. உயிர்விடத் துணிந்த அம்மையார், காலில் விழுந்து அழுத தம்பி, பின்னாளில் நாவுக்கரசரான மருணீக்கியாருக்காக உயிர் தாங்க இசைந்தார். போரில் மடிந்த வீரரின் பெயரை ஊர் பாடும். போர் பறித்ததையெல்லாம் பறிகொடுத்த பின்னும் அடுப்பை மூட்டி, தம்பியை வளர்த்து, அறம் செய்து வாழ்ந்தவரின் வீரம் அதனினும் நீண்டது.

எந்தத் தம்பிக்காக உயிரைத் தாங்கினாரோ, அந்தத் தம்பியே சமண் சமயம் புகுந்து தருமசேனர் என்னும் பெயரோடு பாடலிபுரத்தில் தலைவரானார். இக்காலக் குடும்பங்களில், பிள்ளை சொல் கேளாது ஒரு படிப்பைத் தேர்ந்தாலே வீட்டில் மூன்று நாள் அடுப்பெரியாது. திலகவதியாரோ எவரையும் சபிக்காது, திருவதிகை வீரட்டானக் கோயிலுக்குச் சென்று திருவலகு, அதாவது துடைப்பம், கையிலெடுத்து முற்றம் கூட்டினார், சாணத்தால் மெழுகினார், பூக்கொய்து மாலை தொடுத்தார். குழல்விளக்கைக் கொடுத்து, அதன் ஒளியில் பாதியை மறைக்கும் அளவுக்கு 'உபயம்' என்று பெயர் எழுதிவைப்போர் இங்குச் சிந்திக்கலாம்; கூட்டிய தரையில் உபயம் எழுத இடமேயில்லை, எழுதினாலும் மறுநாள் அதையும் கூட்டவேண்டும்!

பின்னர் தருமசேனருக்குச் சூலை நோய், அதாவது குடலை முறுக்கும் கொடிய வயிற்றுவலி, கண்டதும், அவர் தம் சமையற்காரரை அனுப்பித் தமக்கையாரை அழைத்தார். பாசத்தின் நெருக்குதல் அரசனின் நெருக்குதலினும் வலியது. அரசனை எதிர்த்தால் ஊர் புகழும், நோயுற்ற தம்பியை மறுத்தால் ஊர் ஏசும். ஆயினும் அம்மையார், அமண் பள்ளிக்குத் தாம் வருவதில்லை என்று சொல்லியனுப்பினார். அவ்வாறு மறுத்தவரே, தம்பி இரவில் தேடிவந்து அடிபணிந்தபோது ஏச்சொன்றும் சொல்லாது திருநீறு அளித்து, விடியுமுன் அலகும் மெழுக்குக்கு வேண்டியனவும் எடுத்துத் தம் அன்றாடப் பணிக்குப் புறப்படுகையிலேயே அவரையும் திருக்கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அவையின் பின்வரிசையில் கண்ணயர்ந்தோர்க்காக மீண்டும் கூறுதல் தகும்: தம்பி வந்துவிட்டார் என்பதற்காக அன்றைய கூட்டலும் மெழுகலும் நிற்கவில்லை.

நோய் நீங்கிச் சைவம் திரும்பிய தம்பியிடம், அரசவையின் நெருக்குதல் வந்தபோது, இந்த உறுதியே பேசிற்று. சமயம் மாறியவரைப் பிடித்துவர மன்னன் அமைச்சரையும் படையையும் அனுப்பினான். புராணம் மன்னனின் பெயரைச் சொல்லாவிடினும், அவன் பின்னர் எழுப்பிய குணபரவீச்சரம் என்னும் கோயிற்பெயர், குணபரன் என்ற பட்டம் பூண்ட முதலாம் மகேந்திரவர்மனையே குறிப்பதாக ஆய்வாளர் பலர் கருதுவர். தாம் எவர்க்கும் அடிமையல்லர் என்னும் கருத்தமைந்த மறுமாற்றத் திருத்தாண்டகத்தை நாவரசர் அப்போது பாடினார். மறுமாற்றம் என்பது மறுமொழி, தாண்டகம் என்பது ஒருவகைப் பாவமைப்பு. பலர் இவ்விடத்தோடு கைதட்டி எழுந்துவிடுவர். அதற்குப் பின் நிகழ்ந்ததே நுட்பமானது: அமைச்சர்கள் வணங்கி வேண்ட, நாவரசர் மறுக்காமல் உடன் சென்றார். ஆணைக்குப் பணியாதவர் வேண்டுகோளுக்கு இணங்கினார்; ஏவலாளர் மேல் சினம் காட்டவில்லை, ஓடி ஒளியவும் இல்லை. சுண்ணாம்புக் காளவாயாகிய நீற்றறையில் ஏழு நாள், நஞ்சு கலந்த பாற்சோறு, கொலையானை, கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளல் என அடுத்தடுத்து வந்த அனைத்திலும் இதே அமைதி தொடர்ந்தது. கல் மிதந்து அவர் பிழைத்தபின் மனம் மாறிய மன்னன் அமண் பள்ளிகளை இடித்தான். அவ்வாறு செய்யுமாறு நாவரசர் வேண்டியதாகப் புராணம் கூறவில்லை. உறுதியுள்ளவர்க்குப் பழிவாங்கல் தேவைப்படுவதில்லை.

சமூக வாழ்வில் வரும் நெருக்குதல் வேறு வகையினது. அங்கு வாளில்லை, மதிப்பும் வரிசையும் உண்டு. அரசனுக்குத் தலைவணங்காத நாவரசர், முதியவராயிருந்தும், திருப்பூந்துருத்தியருகே கூட்டத்தோடு கூட்டமாய்ப் புகுந்து, இளையவரான ஞானசம்பந்தரின் சிவிகையைத் தோளில் தாங்கினார். திருவீழிமிழலைப் பஞ்சத்தில் இறைவன் இருவருக்கும் படிக்காசு அளித்தபோது, சம்பந்தரின் காசுக்கு வாசி, அதாவது மாற்றுவதற்கான தள்ளுபடி, இருந்தது. நாவரசரின் காசுக்கு இல்லை. உழவாரம், அதாவது புல் செதுக்கும் கருவி, ஏந்தி அவர் உடலால் உழைத்ததே காரணம் என்று புராணம் விளக்குகிறது. ஞானப்பால் உண்ட சம்பந்தருக்கே தள்ளுபடி என்றால், வெறும் பால் உண்போர் எந்தக் காசை எதிர்பார்ப்பது!

அலகு ஏந்திய தமக்கையின் வழியிலேயே தம்பியின் கையில் உழவாரம் வந்தது எனலாம். நாவரசரைப் போல் அரசனை எதிர்கொள்ளும் வாய்ப்பு அனைவருக்கும் வருவதில்லை. வீட்டிலும் வீதியிலும் சங்கக் கூட்டத்திலும் தவறென்று தெரிந்ததற்குத் தலையாட்டச் சொல்லும் நெருக்குதலோ அன்றாடம் வருகிறது. அதனைத் தாங்கும் வலிமை வேண்டுவோர், கடலில் கல் மிதந்த அற்புதத்தைக் கேட்டு மகிழ்வதோடு நில்லாது, விளம்பரமில்லாத ஒரு பணியை நாள்தோறும் தவறாது செய்யத் தொடங்குதல் வேண்டும். இன்று இக்கூட்டம் கலைந்தபின் மண்டபத்தைக் கூட்டுவோர் எத்தனை பேர் என்பதிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.