பாதியாக்கப்பட்ட முறைப்பாடு

அநீதிக்கு இலக்கானவர் அதனை எந்தப் பெயரில் முறையிட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? இவ்வினா என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்கின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் ஐவர் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனிக்கெதிராக வழக்குத் தொடுத்தனர். 1964க்கு முன்னர் அக்கம்பனி கறுப்பினப் பெண்களை வேலைக்குச் சேர்க்கவில்லை. ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தோரே முதலில் நீக்கப்பட்டனர். 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலையிழந்தனர்.

1976இல் மாவட்ட நீதிமன்றம், கம்பனி முன்பும் பெண்களைச் சேர்த்திருப்பதால் பால் பாகுபாடு இல்லை என்றது. அப்பெண்கள் வெள்ளையினத்தவர் என்பது கணக்கில் வரவில்லை. இனப் பாகுபாடெனில் வேறொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளலாம். இரண்டையும் இணைத்துக் கேட்க இடமில்லை என்றும் கூறிற்று.

1977இல் பொஸ்டனின் கொம்பாஹீ ஆற்றுக் குழுவைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள், ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னியவை என அறிக்கை வெளியிட்டனர். 1989இல் சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷோ மேற்படி தீர்ப்பை ஆராய்ந்து, நாற்சந்தியை உவமையாக்கினார். பல திசை வாகனங்களும் மோதக்கூடிய இடத்தில் நிற்பவரின் காயத்தை ஒரு தெருவின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

இதனை ஏற்றால் புதிய புதிய பிரிவுகள் முளைக்குமென நீதிமன்றம் அஞ்சியது. அவ்வச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அப்பிரிவை உண்டாக்கியது கம்பனியின் நடைமுறையே. அப்பெண்கள் அதற்குப் பெயர் மட்டுமே கேட்டனர். கறுப்பராக வந்தீரா, பெண்ணாக வந்தீரா என வாசலில் வினவும் நீதி, வந்தவரைப் பாதியாக்கிய பின்பே உள்ளே விடுகின்றது.