ஃபேனக் பிடித்த கை லினக்ஸுக்கு நடுங்குமா?

"இந்தக் கம்ப்யூட்டர் இனி வேலைக்கு ஆகாது" என்று யாரோ சொன்னதும் தலையாட்டிவிட்டாயா? நிமிர்ந்து உட்கார்!

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போனால் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப் கேட்கிறது, புதிய பிராசஸர் கேட்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், காக்களூர் சிட்கோவில், உன் வீட்டு மேசையில் நன்றாக ஓடுகிற பெட்டியைக் காயலான் கடைக்கா அனுப்புவாய்? அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடு!

"எனக்கு விண்டோஸ் மட்டும்தான் தெரியும்" என்கிறாயா? சி.என்.சி. மிஷினின் ஃபேனக் கன்ட்ரோலரில் பழகிய உன்னை ஒருநாள் சீமென்ஸ் மிஷினில் நிறுத்தினார்கள். பட்டன் தேடினாய், திணறினாய், பிறகு டூல் ஆஃப்செட் போட்டு முதல் பீஸை அளவுக்குள் இறக்கினாய். மைக்ரான் கணக்கில் வேலை பார்க்கிற ஆளுக்கு ஒரு மெனு இடம் மாறினால் பயமா?

உன் மண்ணுக்கு லினக்ஸ் புதிதே அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது இதே காக்களூரில்தான். அந்த லேப்டாப்பில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கையில் கிடைத்தும் திறந்து பார்த்தாயா? "நமக்கெதற்கு" என்ற ஒற்றைச் சொல்தானே தடுத்தது! அதற்கும் முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 1991-இல் ஹெல்சின்கியில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய வேலை, இன்று உன் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் அடித்தளம். தினமும் லினக்ஸைத் தொட்டுக்கொண்டே லினக்ஸ் தெரியாது என்கிறாய்!

துணிச்சல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது என்று நினைக்காதே. டேலியும் ஆட்டோகேடும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அவற்றுக்கென ஒரு விண்டோஸ் மிஷினை விட்டுவை. எக்செல் மேக்ரோ உள்ள ஷீட்டுகளை முன்கூட்டியே சோதித்துவிடு. கடிதம், ஸ்டாக் பட்டியல், தமிழ் 99-இல் தட்டச்சு எல்லாம் தாராளமாக நடக்கும். லிப்ரே ஆஃபிஸுக்கு ஒரு ரூபாய் கட்ட வேண்டாம்.

முதலில் வீட்டுக் கம்ப்யூட்டரில் பழகு. ஃபைல்களையெல்லாம் வேறிடத்தில் நகலெடுத்து வை. பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார். வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா? சரியாக இருந்தால் இன்ஸ்டால் செய். கைப்பழக்கம் வந்த பிறகு முதலாளியிடம் பேசி ஆபீஸ் மிஷினுக்குப் போ. சந்தேகம் வந்தால் தமிழிலேயே படிக்கக் கணியம் இதழ் இருக்கிறது. கேட்கக் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது.

நாளை உன் ஆலைக்குப் புது கன்ட்ரோலர் வரும், ரோபோ வரும். "எனக்குத் தெரியாது" என்று ஒதுங்குகிறவரைத் தாண்டி, "கொடுங்கள், பார்க்கிறேன்" என்கிறவரிடம்தான் அந்த மிஷின் போகும். அந்தக் குரல் உன்னுடையதாக இருக்கட்டும். வார விடுமுறை வரட்டும். பென் டிரைவைச் செருகு, பவர் பட்டனை அழுத்து!