இறுக்கத்தின் அளவு

நற்செயலுக்கு அளவு உண்டா, உண்டென்றால் அந்த அளவை முடிவு செய்வது எது என்பது அறவியலின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. மிகை, குறை இரண்டுமே பிழை என்று கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் சொன்னார். மகதத்தில் புத்தர் சொன்னார். ஆனால் 'நடு' என்றதும் இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்து வரும் பாதியை நினைத்துக்கொள்பவர்கள் பலர். அப்படிப் பார்த்தால் அறம் அரைமனச் சமரசமாகச் சுருங்கிவிடும். அளவு என்பது உண்மையில் எது என்பதைக் கார் எஞ்சினில் ஆயில் கசிவை நிறுத்தும் ஒரு சின்ன வேலை விளங்க வைக்கிறது.

எஞ்சின் ஹெட்டின் மேல் வால்வுகளை மூடியிருக்கும் மூடியைப் பட்டறைகளில் டேப்பெட் கவர் என்பார்கள். மூடிக்கும் ஹெட்டுக்கும் இடையே ஒரு ரப்பர் பேக்கிங் இருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் அது தக்கையால் ஆனது. ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறியதில் ரப்பர் நெகிழ்வை இழந்து கெட்டித்துப்போகிறது. ஓரத்தில் கசியும் ஆயில் தூசியோடு சேர்ந்து கறுப்பாகப் படிகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டினால் கருகல் வாடை வரும்; ஸ்பார்க் பிளக் குழிக்குள் இறங்கினால் எஞ்சின் மிஸ்ஸாகும்.

கசிவைக் கண்டதும் கை ஸ்பானரைத்தான் தேடும். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும் என்று தோன்றும். ஆனால் இறுக்க இறுக்க பேக்கிங் பிதுங்குகிறது. தகர மூடி வளைகிறது, பிளாஸ்டிக் மூடி விரிசல் விடுகிறது, கசிவு கூடுகிறது. கெட்டித்துப்போன பேக்கிங்குக்குச் சரியான இறுக்கம் என்று ஒன்று கிடையாது. அதை மாற்றத்தான் வேண்டும். அறத்திலும் இப்படி ஓர் எல்லை உண்டு என்கிறார் அரிஸ்டாட்டில். திருட்டு, கொலை, பிறன்மனை நாடுதல் ஆகியவற்றுக்கு நடு அளவு இல்லை என்று 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் 2ஆம் பகுதியில் அவர் விளக்குகிறார். அளவோடு திருடினால் திருட்டு நல்லதாகிவிடாது. அளவை ஏற்கக்கூடிய ஒன்றில்தான் அளவைத் தேட முடியும்.

பேக்கிங்கை மாற்ற, எஞ்சின் ஆறிய பிறகு, மேலே உள்ள வயர்களையும் காற்றுக் குழாயையும் எடுத்துவிட்டு, போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்குகிறார்கள். பழைய பேக்கிங்கின் துணுக்கு ஒன்றுகூட எஞ்சினுக்குள் விழாதபடி பள்ளத்தையும் ஹெட்டின் விளிம்பையும் துடைத்து, புதிய பேக்கிங்கைப் பதித்து மூடுகிறார்கள். பல கார்களில் இந்த போல்ட்டுகளுக்கு வேண்டிய இறுக்கம் 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இருக்கும். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் திருகுவிசை அது. அதே காரின் சக்கர போல்ட்டுக்கு ஏறத்தாழ பத்து மடங்கு வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எல்லா போல்ட்டுக்கும் பொதுவாக வைத்தால் மூடி உடையும், சக்கரமும் சரியாக நிற்காது. இந்தக் கணக்கையே அரிஸ்டாட்டில் உணவை வைத்துச் சொன்னார். பத்து மினா (பழைய கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்பதால் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு என்று விதிக்க மாட்டார். அது மல்லன் மிலோவுக்குப் போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு மிகை. நடு என்பது அவரவருக்கு உரியது.

அளவு எண்ணோடு முடிவதும் இல்லை. ஒரு மூலை போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் மூடி ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். அதனால் பெரும்பாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றுகளில் சிறிது சிறிதாக இறுக்குகிறார்கள். கடைசியில் எல்லா போல்ட்டிலும் இருக்கும் எண் ஒன்றே. வரிசை பிசகினால் அந்த எண்ணால் பயனில்லை. கோபத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் சொல்வதும் இதுவே: உரிய ஆளிடம், உரிய நேரத்தில், உரிய காரணத்துக்காக, உரிய முறையில் கோபப்படுவதுதான் அளவு.

பௌத்த மரபில் இந்தப் பாடம் சோணர் என்னும் துறவியின் கதையாக அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர் ராஜகிருகத்துக்கு அருகே கடுமையாகத் தவம் முயன்றார். நடந்து நடந்து அவர் பாதங்களில் குருதி கசிந்தது என்கிறது விநய பிடகம். அப்படியும் பலன் கிட்டாமல் வீடு திரும்ப எண்ணியவரிடம், அவர் முன்பு வாசித்த வீணையைப் பற்றிப் புத்தர் கேட்டார். நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை வராது என்பது சோணரே அறிந்ததுதான். முயற்சியும் அப்படியே: மிகை மனத்தை அலைக்கழிக்கும், குறை சோம்பலில் தள்ளும். பாதி முயற்சி போதும் என்று புத்தர் சொல்லவில்லை. சுருதி சேரும் இடத்தைக் காணச் சொன்னார்.

அரிஸ்டாட்டிலின் இந்த நடு அளவுக் கொள்கையை மெய்யியலாளர் கான்ட் 1797இல் வெளியான 'ஒழுக்கங்களின் மீமெய்யியல்' நூலில் மறுத்தார். அறத்துக்கும் தீமைக்கும் உள்ள வேறுபாடு அளவில் இல்லை, செயலுக்கு அடிப்படையான கொள்கையில் இருக்கிறது என்பது அவர் வாதம். கருமியின் கையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் அவன் சிக்கனக்காரன் ஆகிவிடுவதில்லை. மறுப்பு வலுவானது, ஆனால் அது வீழ்த்துவது பாதிக் கணக்கைத்தான். பதற்றத்தில் இறுக்குபவர் தன் பதற்றம் அடங்கும் வரை இறுக்குகிறார். தேர்ந்த மெக்கானிக் பேக்கிங் கேட்கும் அளவுக்கு இறுக்குகிறார். இருவரும் ஒரே எண்ணில் நிறுத்த நேர்ந்தாலும் அவர்கள் செய்தது ஒரே செயல் அன்று.

அந்த அளவு கைவருவது எப்படி என்ற கேள்விக்கு, பழக்கத்தால் என்பது அரிஸ்டாட்டிலின் பதில்: வீடு கட்டிக் கட்டியே கொத்தனார் உருவாகிறார், நீதியாக நடந்து நடந்தே ஒருவர் நீதிமான் ஆகிறார். பட்டறைக்குப் புதிதாக வந்த பையன், குறித்த இறுக்கம் வந்ததும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று விடும் இடத்தில் நிறுத்தக் கற்கிறான். பல வண்டிகளுக்குப் பிறகு, அந்த ஒலி வருவதற்கு முன்பே பிடியைத் தளர்த்த அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது.