எழுத்துக்கூட்டத் தெரிந்த உங்களுக்கு எதற்கு அச்சம்?

பிள்ளைக்கு எட்டு வயது. புத்தகத்தில் ஒரு பட்டம் பறக்கிறது. கீழே 'பட்டம்' என்று பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதில் விரலை வைத்து, கணீரென்று "காத்தாடி" என்கிறான் பையன். "இதுக்குத்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தாதேன்னு தலையால அடிச்சிக்கிட்டேன்" என்கிறார் மாமியார். நீங்கள் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்கள்.

துடைத்தது போதும், தாயே! வேப்பூர் மாதிரி ஊரில் பிள்ளையை வீட்டில் வைத்தே படிக்கவைக்கத் துணிந்தவர் நீங்கள். அந்தத் துணிச்சல் ஒரே ஒரு சொல்லைப் பார்த்து மிரளலாமா? உங்கள் பிள்ளை மக்கு இல்லை. எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்து ஊகிக்கப் பழகிவிட்டான், அவ்வளவுதான். பழக்கம்தானே? மாற்றிவிடலாம். மாற்றப்போவதும் நீங்கள்தான்.

"நான் பிளஸ் டூதாங்க படிச்சேன்" என்று இழுக்காதீர்கள். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியதே, அதில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னவர்கள் யார்? பெரும்பாலும் பிளஸ் டூவோ டிகிரியோ முடித்துவிட்டு வீட்டிலிருந்த நம் பெண்கள்தான். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அதற்கும் முன்னால், 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எழுந்தபோது, கல்குவாரியில் ஜல்லி உடைத்த பெண்கள்கூட அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டினார்கள். 'அ'வில் தொடங்கவில்லை. 'பட்டா', 'படி' என்று வாழ்க்கையில் புழங்கும் சொற்களை உடைத்து எழுத்தைக் காட்டினார்கள். சொல்லிக்கொடுத்த தொண்டர்களில் எத்தனை பேரிடம் பி.எட். இருந்தது?

இப்போது விற்பனைக்காரர் வருகிறார். வண்ணப் பெட்டி, பேசும் பேனா, ஃபோனிக்ஸ் அட்டைகள், ஆயிரக்கணக்கில் விலை. விலையைக் கேட்டதும் நமக்கே ஒரு மயக்கம்: இவ்வளவு விலை என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று. ஃபோனிக்ஸ் ஒன்றும் வானத்திலிருந்து குதித்ததில்லை. நம் பாட்டன் பூட்டன் 'எழுத்துக்கூட்டிப் படி' என்றானே, அதேதான். ஒலியைப் பிடி, ஒலிகளைச் சேர், சொல் பிறக்கும். ஆகவே பெட்டியின் அழகைப் பார்க்காதீர்கள். அதிலுள்ள கதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டுங்கள். அதுவரை சொல்லிக்கொடுத்த ஒலிகளை மட்டும் வைத்தே அந்தக் கதை எழுதப்பட்டிருக்கிறதா? படிக்காத எழுத்துகளைத் திணித்துவிட்டு "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்கிறதா? இரண்டாவது ரகம் உங்கள் பையனின் ஊகிக்கும் பழக்கத்தை வளர்க்கும். வேண்டாம் என்று தள்ளுங்கள்.

பிள்ளை படிக்கிறானா, ஒப்பிக்கிறானா என்பதைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 2012 முதல் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொல் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அதில் 20 சொல் பொருளே இல்லாத பொய்ச் சொல். மனப்பாடம் அங்கே செல்லாது! நீங்களும் 'டபம்', 'மப்பட்' என்று எழுதிக் காட்டுங்கள். சிரித்துக்கொண்டே கூட்டிப் படித்தால் பிள்ளை கரையேறுகிறான்.

சரி, எங்கே தொடங்குவது? ட, ப, ம. மூன்றே எழுத்து; தலையில் புள்ளி வைத்தால் மூன்று மெய். படம், மடம், பட்டம், மட்டம் என்று ஒரு வாரத்துக்குச் சொற்கள் கிடைக்கும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். பிறகுதான் கால், கொம்பு எல்லாம். 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ 'க்'குக்குப் பின்னால் வருகிறது. தடுமாறும் பிள்ளை இங்கேதான் சறுக்குவான். 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கும், கேட்கவே வேண்டாம். திட்டாதீர்கள். ணா, றா, னை, லை போன்றவற்றின் பழைய வடிவங்களை 1978இல் அரசாணை போட்டுத் தமிழ்நாடு மாற்றியது. எழுத்தே நமக்காக வளைந்து கொடுத்திருக்கிறது, நாம் பிள்ளைக்காக இரண்டு வாரம் கூடுதலாக நிற்க மாட்டோமா?

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். களிமண் கூழை அச்சில் ஊற்றிவிட்டு, அச்சு ஈரத்தை உறிஞ்சும்வரை கைகட்டிக் காத்திருப்பார்கள். முந்திப் பிரித்தால் பொம்மை சிதையும். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம்கூட 2022இல் தொடங்கும்போது பிள்ளைகளை வயதை வைத்துப் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையை வைத்துத்தான் பிரித்தது. உங்கள் எட்டு வயதுப் பையன் அரும்பில் நின்றால் நிற்கட்டும்!

கண்ணையும் காதையும் மட்டும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மாதக்கணக்கில் விடாமல் சொல்லிக்கொடுத்தும் எழுத்து ஒட்டவில்லை என்றால் டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கென்றே இருக்கிறது. அதை அவமானமாக நினைத்து ஒளித்துவைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும். மூக்குக்கண்ணாடி போட்டால் அவமானமா?

இங்கிலீஷ்? வரட்டும், இரண்டாவதாக வரட்டும். 26 எழுத்துக்கு ஏறக்குறைய 44 ஒலி உள்ள மொழி அது. தமிழில் கூட்டிப் படிக்கப் பழகிய வாய் அதற்கும் பழகும். அடுத்த முறை விற்பனைக்காரர் கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிடுங்கள், காபி கொடுங்கள். அந்தக் கதைப் புத்தகத்தில் ஐந்தாம் பக்கத்தை உங்கள் பையன் முன்னால் விரித்து, படத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். "இந்த வரியைப் படிக்க இவனுக்கு எந்தெந்த ஒலி தெரிந்திருக்க வேண்டும், அதையெல்லாம் எந்தப் பக்கத்தில் சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் விலை பேசுங்கள்.