பாட்டு நம்முடையது, அனுமதி யாருடையது?

வீட்டு மியூசிக் சர்வர் எளிய ஏற்பாடுதான். வருடக்கணக்கில் சேர்த்த பாடல்கள் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கும். அவற்றை வரிசைப்படுத்திக் கூடத்து ஸ்பீக்கருக்கு அனுப்ப ஒரு சின்னக் கணினியும் அதில் ஒரு மென்பொருளும் போதும். கட்டண மென்பொருள் என்றால் அதற்கொரு லைசென்ஸ், லைசென்ஸுக்கு ஒரு லாகின். இந்தக் கடைசிக் கண்ணி அறுந்தால் டிஸ்க் சுழலும், ஸ்பீக்கர் காத்திருக்கும், பாட்டு மட்டும் வராது. திரையில் 'உள்நுழைய முடியவில்லை' என்று ஒரு வரி நிற்கும்.

அந்த வரியைக் கண்டதும் பலர் பாஸ்வேர்டை மாற்றப் போவார்கள். பொறுங்கள். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியின் பழைய மாடல்களில் மின்சாரம் நின்றபின் நேரத்தைக் காத்துவைக்கும் சிப் கிடையாது. கரண்ட் போய் வந்தால் இணையத்திடம் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். பதில் வரும்வரை பழைய நேரத்திலேயே நிற்கும். லைசென்ஸ் சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழோ இன்ன நாளிலிருந்து இன்ன நாள்வரை மட்டுமே செல்லும். தேதி பிசகிய கணினிக்கு நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். நேரம் சரியாக இருந்தும் தடைபடுவதுண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு வழங்கிய சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. புதியதை அறியாத பழைய கருவிகள் பல அன்று இணைப்பை இழந்தன.

கடிகாரம் சரி என்றால் அடுத்தது டிஎன்எஸ், அதாவது இணையப் பெயர்களுக்கு எண் முகவரி தேடித்தரும் சேவை. ரவுட்டரில் அதன் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பார்க்கலாம். அதுவும் சரி என்றால், பழைய கணினியில் லைசென்ஸ் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ரூன் போன்ற கட்டண மென்பொருளில் ஒரு லைசென்ஸுக்கு ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான். பழையதை விடுவித்தால்தான் புதியது ஏற்கும்.

இத்தனை நேரம் மெனக்கெட்டும் ஒரு பாட்டுக் கோப்பைக்கூட நாம் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். கெட்டுப்போனது இசையோ கருவியோ அல்ல. நம் வீட்டில், நம் டிஸ்க்கில் உள்ள பாட்டைக் கேட்க, நாம்தான் நாம் என்று எங்கோ இருக்கும் ஒரு கணினிக்கு நிரூபித்துக்கொண்டிருந்தோம்.

மென்பொருள் எழுதியவருக்குக் கூலி சேர வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கூலி கொடுத்தபின்னும் தொடரும் அனுமதி, கொடுப்பவர் இருக்கும்வரைதான். 2008 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட், தன் எம்எஸ்என் மியூசிக் கடையில் பூட்டுடன் விற்ற பாடல்களுக்கு ஆகஸ்ட் 31க்குப் பிறகு புதிய சாவி தரப்போவதில்லை என்று அறிவித்தது. கணினியை மாற்றினால், காசு கொடுத்து வாங்கிய பாட்டு பாடாது என்று பொருள். எதிர்ப்பு எழுந்ததும் கெடுவை 2011 கடைசிவரை நீட்டித்தார்கள். 2022 செப்டம்பரில் ரூன் 2.0 வந்தபோது, சொந்த டிஸ்க்கில் உள்ள பாட்டைக் கேட்கவும் இணையம் வேண்டும் என்றானது. பயனர்கள் விடாமல் முறையிட்ட பிறகே அது தளர்ந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. லாஜிடெக் தன் ஸ்க்வீஸ்பாக்ஸ் பாட்டுப் பெட்டிகளுக்கான இணையச் சேவையை 2024இல் மூடியது. அவற்றுக்கான வீட்டுச் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால், ஆர்வலர்கள் அதை லிரியன் என்ற பெயரில் தொடர்ந்து நடத்துகிறார்கள். நிறுவனம் கைவிட்ட பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. விற்றவர் போனபின்னும் வேலை செய்வது எதுவோ, அதைத்தான் நான் சொந்தம் என்று ஒப்புக்கொள்வேன்.

விருப்பமான கட்டண மென்பொருளை விட்டுவிடச் சொல்லவில்லை. பாடல்களை ஃப்ளாக் போன்ற திறந்த வடிவத்தில், எந்தப் பூட்டும் இல்லாமல் வைத்திருங்கள். அதே டிஸ்க்கைப் படிக்கும் லிரியனையோ, ஜெல்லிஃபின் என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருளையோ பக்கத்தில் நிறுவிவையுங்கள். பிறகு ஒரு நாள், எந்தக் கோளாறும் இல்லாத நல்ல நாளில், ரவுட்டரை நீங்களே இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள்.